உட்கார்ந்திருக்கும் பெண்ணை வரைய: முகத்தைக் கடைசிக்கு வையுங்கள்

பெண் உருவம் வரையத் தொடங்கும் பலரும் முதலில் கை வைப்பது முகத்தில்தான். கண்ணுக்கு ஒரு மணி நேரம், மூக்குக்கு அரை மணி நேரம், உதட்டைத் திருத்தித் திருத்தி இன்னும் கொஞ்சம். நிமிர்ந்து பார்த்தால் கேன்வாஸ் நடுவே அழகான முகம் ஒன்று மிதந்துகொண்டிருக்கும். அதற்குக் கீழே உடம்பை வைக்க இடமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. எதையோ அவசரமாக நிரப்பி, நாற்காலியை ஒப்புக்கு ஒட்டவைத்து முடிப்போம். பார்ப்பவர்கள் "முகம் நல்லா வந்திருக்கு" என்பார்கள். உணர்ச்சி மட்டும் எங்கேயும் இருக்காது.

உட்கார்ந்திருக்கும் உடம்பே நிறையப் பேசும். எடை எங்கே இறங்குகிறது, முதுகு எதில் சாய்கிறது, கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பவை சரியாக விழுந்துவிட்டால் முகத்துக்கு நாலு தீற்று போதும். அதனால் இங்கே சொல்லப்போகும் வரிசை வழக்கத்துக்குத் தலைகீழ். உட்காரும் விதம் முதலில், அப்புறம் நாற்காலி, ஒளி நிழல், நிறம், கைகள். முகம் கடைசியில்.

பிக்காஸோ, அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனை வரைந்த கதை இதற்கு நல்ல உதாரணம். 1905-இல் தொடங்கிய அந்த ஓவியத்துக்காக ஸ்டைன் எண்பது தொண்ணூறு முறை வந்து உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். 1906-இல் பிக்காஸோ வெறுத்துப்போய் முகத்தை மட்டும் அழித்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, ஸ்டைன் எதிரில் இல்லாமலேயே, முகமூடி போன்ற ஒரு முகத்தை வரைந்து முடித்தார். இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில், முன்னால் சாய்ந்த பெரிய உடம்பும் தொடைமேல் ஊன்றிய கனமான கைகளும்தான் அந்த ஆளை நம் முன்னால் உட்கார வைக்கின்றன. முகம் அதற்குப் பொருந்தி வந்தது, அவ்வளவுதான்.

எதை வரையப் போகிறோம்

கண்ணால் காண்பதை அப்படியே எடுத்துவைப்பது ஒரு வகை. கண்டதையும் உணர்ந்ததையும் கலந்து, உருவம் அடையாளம் தெரியும் அளவுக்கு விட்டுவைத்து, நிறத்தையும் கோட்டையும் தேவைக்கு வளைப்பது இன்னொரு வகை. நாம் பேசுவது இரண்டாவது வகையை. 1905-இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவியைத் தொப்பியோடு உட்காரவைத்து வரைந்த ஓவியம் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது, முகத்தில் பச்சைத் தீற்றல்களைப் பார்த்து பலரும் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டுதான் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 'பாலம்' என்ற பொருள்படும் 'டி ப்ரூக்க' ஓவியர் குழு தொடங்கியது. அப்போது கிடைத்த சுதந்திரத்தைத்தான் இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். வரலாறு இவ்வளவு போதும்.

வேலைக்கு வருவோம். தூரிகையைத் தொடுமுன் ஒரு வினைச்சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "சோகம்", "தனிமை" போன்ற பெயர்ச்சொற்கள் வேண்டாம். அவற்றை வைத்துக்கொண்டு எதையும் வரைய முடியாது, கடைசியில் ஒரு கண்ணீர்த்துளியில் போய் நிற்கும். "காத்திருக்கிறாள்", "அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள்", "எழுந்திருக்கப் போகிறாள்", "பேச மறுக்கிறாள்". இப்படி எழுதினால் உடம்பு தானாகக் கண்ணுக்குத் தெரியும்.

காத்திருப்பவள் இருக்கையின் முன்விளிம்பில் இருப்பாள். குதிகால் தரையைவிட்டு லேசாக எழும்பியிருக்கும், கழுத்து ஒரு பக்கம் நீளும், விரல்கள் எதையாவது பற்றியிருக்கும். அலுத்துப்போனவளுக்கு இடுப்பு முன்னால் வழுக்கியிருக்கும். முதுகு வளைந்து, தோள்கள் காதைவிட்டு இறங்கி, உள்ளங்கைகள் மடியில் மேல்நோக்கித் திறந்து கிடக்கும். உள்ளங்கை மேல்நோக்கிக் கிடப்பது சின்ன விஷயம்தான், ஆனால் களைப்பை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. பேச மறுப்பவளுக்கு முழங்காலும் தோளும் வேறு வேறு திசையைப் பார்க்கும்.

எழுதியபிறகு நீங்களே ஒரு நாற்காலியில் அப்படி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு நிமிடம் அசையாமல். எந்தப் பக்கத்துப் பிட்டத்தில் எடை இறங்குகிறது, எந்தத் தசை முதலில் வலிக்கிறது, எந்தக் கை சும்மா இருக்கிறது என்று கவனியுங்கள். எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்துவிட்டால் கோட்டுக்கும் தெரியும்.

உட்கார யார்?

நேரில் ஒருவர் உட்காருவதுதான் நல்லது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது இடைவேளை கொடுங்கள். எழுந்திருக்குமுன் பாதங்கள், நாற்காலிக் கால்கள், கை ஊன்றிய இடம் ஆகியவற்றைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வந்து உட்காருவது வேறொரு பெண்ணாக இருக்கும். நேரம் ஆக ஆக உடம்பு கொஞ்சம் தொய்யத்தான் செய்யும். அதைத் தடுக்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் எல்லோரும் படத்துக்கு உட்காருவதுபோல விறைப்பாகத்தான் இருப்பார்கள். தொய்ந்த பிறகு வருவதுதான் உண்மையான போஸ்.

ஆள் கிடைக்காவிட்டால் ஆளுயரக் கண்ணாடியும் நீங்களும் போதும். புகைப்படம் வைத்து வரைவதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைபேசியைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் முழங்கால் பெரிதாகவும் தலை சிறிதாகவும் விழும். இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். கேமரா அவருடைய மார்பு உயரத்தில் இருக்கட்டும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரவேண்டும்: ஒரு ஜன்னல், அல்லது ஒரு விளக்கு. ஃபிளாஷ் கூடவே கூடாது, அது நிழலையெல்லாம் தின்றுவிடும். ஓவியத்தை யாரிடம் காட்டப்போகிறீர்கள் என்பதையும் உட்காருபவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். வளைத்து நெளித்து வரையப்போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், பிறகு மனத்தாங்கல் வரக்கூடாது.

பொருள்கள்

தொடக்கத்துக்கு அக்ரிலிக் வசதி. சில நிமிடங்களில் காய்ந்துவிடும், பிடிக்காவிட்டால் மேலேயே வரையலாம், தண்ணீரில் தூரிகை கழுவலாம். ஆயில் பெயிண்ட் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், கலந்து இழுக்கச் சுகமானது, ஆனால் பொறுமை கேட்கும். அக்ரிலிக் மேல் ஆயில் பூசலாம். ஆயில் மேல் அக்ரிலிக் பூசக்கூடாது, பிடிக்காமல் உரிந்துவிடும்.

கேன்வாஸ் 50 × 60 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். சிறிய அளவில் மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்யும். நமக்குத் தோளிலிருந்து வரும் கோடு வேண்டும். தூரிகையில் பன்றி முடி ஃபிளாட் (தட்டை நுனித் தூரிகை) இரண்டு மூன்று, இரண்டு அங்குல அகல பிரஷ் ஒன்று, பெயிண்டை அள்ளிப் பூசவும் சுரண்டவும் ஒரு பேலட் நைஃப். மெல்லிய நுனித் தூரிகையை முதல் பாதி வேலை முடியும்வரை கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கையில் இருந்தால் கண்ணிமை வரையத் தோன்றும். பிறகு தடித்த சார்கோல் (வரைகரி), மலிவான பெரிய தாள் ஒரு கட்டு.

நிறங்கள்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்ஸன் (கருஞ்சிவப்பு), அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). கூடவே ஒரு பச்சை. கறுப்பு தேவையில்லை; அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அதைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் அந்தப் பெயர் போட்ட நிறத்தை விரலால் எடுத்துத் தேய்க்காதீர்கள், காய்ந்ததை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

ஆயிலில் வேலை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துவிடுகிறது. துணியை விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடியுள்ள இரும்பு டப்பாவில் வையுங்கள்.

சார்கோலில் பழகுங்கள்

கேன்வாஸுக்குப் போகுமுன் தாளில் இருபது முப்பது வேக ஸ்கெட்ச் போட்டால் நல்லது. அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அரை நிமிடத்தில் உடம்பின் வெளிக்கோட்டை வரைய முடியாது, வரைய முயலவும் வேண்டாம். தலையின் உச்சியிலிருந்து முதுகு வழியாக இடுப்புக்கு, அங்கிருந்து தொடை வழியாக முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து தரைக்கு ஒரே ஓட்டமாக ஒரு கோடு. உட்கார்ந்த உருவத்தின் முதுகெலும்பு இந்தக் கோடுதான். அலுப்பா விறைப்பா என்று இந்த ஒரு கோட்டிலேயே தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்தத் தாளை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது இடுப்பு. நிற்கும் உருவத்தில் எடை பாதத்துக்குப் போகிறது. உட்காரும்போது அதில் பெரும்பகுதி பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு முனையில் மட்டும். அந்த இடத்தில் தொடையின் சதை நசுங்கிப் பரவும், புடவையோ பாவாடையோ இழுபட்டு மடிப்பு விழும், மெத்தையாக இருந்தால் அமுங்கும். இந்த அழுத்தத்தைச் சார்கோலால் நன்றாக அழுத்தியே போடுங்கள். இது இல்லாமல் வரைந்தால் அந்தப் பெண் நாற்காலிக்கு இரண்டு அங்குலம் மேலே மிதப்பாள். புதிதாக வரைபவர்கள் படத்தில் "என்னமோ சரியில்லை" என்று தோன்றினால், பத்தில் எட்டு முறை கோளாறு இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

அளவுகள் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், பிறகு மீறுவதற்காகவாவது. தலையின் உயரத்தையே அளவுகோலாக வைத்தால், நிற்கும் ஆள் ஏறத்தாழ ஏழு, ஏழரைத் தலை உயரம். நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சியிலிருந்து இருக்கை வரை நாலு தலை, இருக்கையிலிருந்து தரைக்கு ஒன்றரை முதல் இரண்டு தலை. ஆக மொத்தம் ஐந்தரை, ஆறு. கை விரித்தால் மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை மூடும். கைகளைச் சின்னதாக வரைவது எல்லோருக்கும் வரும் பழக்கம் என்பதால் இதை நினைவில் வைக்கலாம்.

நேரெதிரில் உட்கார்ந்திருந்தால் தொடை நம்மை நோக்கி நீண்டு குறுகித் தெரியும். தொடை நீளமானது என்று மூளைக்குத் தெரியும், கண்ணுக்கோ ஒரு கட்டையான வடிவம்தான் தெரிகிறது. மூளையை நம்பி நீட்டிவிடுவோம். கால் கீழே தொங்கத் தொடங்கும், உட்கார்ந்தவள் சரிந்து நிற்பவள்போல ஆகிவிடுவாள். தொடையை வரையாமல், அதைச் சுற்றியுள்ள காலி இடங்களை வரையுங்கள்: கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் முக்கோணம், இரண்டு முழங்கால்களுக்கு இடையில் தெரியும் தரைத்துண்டு, நாற்காலிக் காலுக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே இருக்கும் பட்டை. காலி இடத்துக்கு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூளையில் முன்முடிவு எதுவும் கிடையாது, அதனால் பார்த்தபடி வரைந்துவிடுவோம். இதுவும் கடினமாகத் தோன்றினால் முதல் ஓவியத்துக்கு முக்கால் பக்கமாகத் திருப்பி உட்காரவையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதை மிகைப்படுத்துவது

உணர்ச்சி ஓவியம் என்றால் எல்லாவற்றையும் கோணலாக வரைவது என்று நினைத்துக்கொண்டு, கழுத்தையும் நீட்டி, கண்ணையும் பெரிதாக்கி, விரலையும் முறுக்கி, நிறத்தையும் கத்த விடுவார்கள். எல்லாமே கத்தினால் எதுவும் காதில் விழாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் தைரியமாக இழுங்கள். இத்தாலிய ஓவியர் மோதிலியானி கழுத்தையும் முகத்தையும் நீட்டினார். ஆனால் அவருடைய நிறங்கள் அடக்கமானவை, பின்னணி அமைதியானது. ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீல 1917-இல் வரைந்த, காலை மடக்கி முழங்காலில் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். பின்னணியில் ஒன்றுமே இல்லை, வெறும் தாள். கோணம் கோணமாக உடையும் கோடுதான் அங்கே எல்லா வேலையையும் செய்கிறது.

எதை இழுப்பது என்பதை நீங்கள் எழுதிவைத்த வினைச்சொல் சொல்லும். சோர்வு என்றால் கீழ்நோக்கிய கனம்: இடுப்பையும் கைகளையும் பெரிதாக்கி, தலையைச் சற்றுச் சிறிதாக்கிப் பாருங்கள். பதற்றம் என்றால் தோளும் முழங்கையும் கூர்மையாகட்டும், உருவம் ஒல்லியாகட்டும். பிடிவாதம் என்றால் உருவமே ஒரு கட்டையான முக்கோணமாக, அடிப்பாகம் அகன்று உட்காரட்டும். ஒரே போஸை மூன்று விதமாக இழுத்து மூன்று தாளில் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த நாள் காலையில் எதன் முன் கால் நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேன்வாஸில் எங்கே உட்காருவாள்

நாற்காலியும் ஒரு பாத்திரம். கைப்பிடி உள்ள அகலமான நாற்காலி உடம்பை அணைக்கும் அல்லது சிறைவைக்கும். முக்காலி அவளைத் தனியாக விட்டுவிடும். தரை என்றால் உடம்பு முழுவதும் ஒரு மூட்டையாகச் சேர்ந்துகொள்ளும். மோனா லிசாவும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவள் இடது கை ஊன்றியிருப்பது நாற்காலியின் கைப்பிடியில்தான். பலருக்கு அது கவனத்திலேயே இருப்பதில்லை, ஆனால் அந்த நிதானத்தில் கைப்பிடிக்கும் ஒரு பங்கு உண்டு.

நாற்காலியை வரையும்போது நான்கு கால்களின் அடிமுனைகளையும் தரையில் குறித்துச் சேர்த்துப் பாருங்கள். ஒரு சாய்ந்த நாற்கரம் வரவேண்டும். வரவில்லை என்றால் நாற்காலி ஆடும். அவளுடைய பாதங்களும் அதே தரையில்தான் இருக்கவேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் குறியுங்கள்.

உருவத்தை நட்டநடுவில் சுற்றிலும் காற்றோட்டமாக வைத்தால் அடையாள அட்டைப் படம்போல ஆகிவிடும். வெட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டலாம், உச்சந்தலையைக்கூட விளிம்பு லேசாகத் தொடலாம். மூட்டிலேயே வெட்டாதீர்கள், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் இவற்றில் விளிம்பு விழுந்தால் உறுப்பு துண்டானதுபோல இருக்கும். அவள் பார்க்கும் பக்கம் இடம் விட்டால் மூச்சுவிடுவாள். முகத்துக்கு முன்னால் விளிம்பு நெருங்கினால் முட்டிக்கொண்டு நிற்பாள். இரண்டுமே பயன்படும், எது வேண்டும் என்பது உங்கள் கதை.

பெயிண்ட் தொடங்குவது

வெள்ளைக் கேன்வாஸில் எல்லா நிறமும் இருட்டாகத் தெரிந்து நம்மை ஏமாற்றும். பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீர்போல நீர்க்கவிட்டு கேன்வாஸ் முழுக்கத் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் அதன்மேல் அகலத் தூரிகையால், அல்ட்ராமரினும் சியன்னாவும் கலந்த நீர்த்த இருட்டில், உருவத்தை நேரடியாகப் போடுங்கள். சார்கோலால் துல்லியமாக வரைந்துகொண்டு உள்ளே நிறம் நிரப்பும் வழி இங்கே உதவாது. கோடு தாண்டிவிடுமோ என்ற பயத்தில் கை இறுகிவிடும்.

இப்போது கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். விவரமெல்லாம் கரைந்து மூன்று தொனி மட்டும் மிஞ்சும்: வெளிச்சம், நடு, இருட்டு. அந்த மூன்றை மட்டும் பெரிய துண்டுகளாக வையுங்கள். கூந்தலின் இருட்டும் நாற்காலி முதுகின் இருட்டும் சேர்ந்திருந்தால் சேர்த்தே பூசுங்கள். நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டியதில்லை, பார்ப்பவர் கண் பிரித்துக்கொள்ளும். இந்தக் கட்டத்திலேயே பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது தெரியவேண்டும், எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் தெரியவேண்டும். தெரியாவிட்டால் நிறத்துக்குப் போகாதீர்கள். நிறம் வந்து காப்பாற்றும் என்று நம்பி மேலே போனால் அது காப்பாற்றாது.

அக்ரிலிக் காயும்போது ஒரு சாயல் கறுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள பசை பால்போல வெண்மையாக இருக்கிறது, காய்ந்தால் கண்ணாடியாகிவிடுகிறது. ஆகவே நினைத்ததைவிடச் சற்று வெளுப்பாகவே கலக்கலாம்.

நிறம்

தோல் நிறம் என்று எழுதிய டியூபை வாங்காதீர்கள். தோலுக்கென்று ஒரு நிறம் கிடையாது. மேலே படும் ஒளி, பக்கத்தில் இருக்கும் துணி, உள்ளே ஓடும் ரத்தம் எல்லாம் சேர்ந்துதான் அது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் பர்ன்ட் சியன்னா, ஆக்கர், கொஞ்சம் அல்ட்ராமரின், ஒரு துளி கிரிம்ஸன் என்று தொடங்கலாம். வெளிச்சமான இடத்துக்கு எடுத்தவுடன் வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூசியதுபோல வெளிறிப்போகும். முதலில் ஆக்கரும் சிவப்பும் சேர்த்து வெளுப்பாக்குங்கள், கடைசியில் வெள்ளை ஒரு சிட்டிகை. கருநிறத் தோலில் ஒளி பட்டு மின்னும் இடம் பல சமயம் நீலம் கலந்த குளிர்ச்சியான நிறமாக இருக்கும், ஜன்னல் ஒளி அப்படியே பிரதிபலிப்பதால். அந்த ஒரு நீலத் தீற்று விழும்போது தோல் உயிர்பெறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இனி உண்மை நிறத்தைவிட்டு விலகுவோம். எவ்வளவு விலகினாலும் தொனியை மட்டும் விடாதீர்கள். நிழலில் இருக்கும் கன்னத்துக்குப் பச்சை வைக்கலாம், ஊதா வைக்கலாம். அந்தப் பச்சை நிழலின் அளவுக்கு இருட்டாக இருந்தால் முகம் உடையாது. மத்தீஸின் பச்சைக் கன்னம் நிற்பதும் இதனால்தான். சந்தேகம் வந்தால் ஓவியத்தைக் கைபேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உருவம் அங்கேயும் புரிந்தால் நிறத்தை இஷ்டத்துக்கு விளையாடலாம்.

முழு ஓவியத்துக்கும் ஒரு சண்டையை முடிவுசெய்துகொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும், அல்லது நீலமும் ஆரஞ்சும். வான்கோ 1888 டிசம்பர் முதல் சில மாதங்களில் அகஸ்டின் ருலின் என்ற பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து ஒரே அமைப்பில் ஐந்து முறை வரைந்தார். சிவப்புத் தரை, பச்சை உடை, பூப்போட்ட பச்சைச் சுவர். அவள் கையில் ஒரு கயிறு இருக்கிறது. அந்தக் கயிறு படத்துக்கு வெளியே இருக்கும் தொட்டிலுக்குப் போகிறது. தொட்டிலைக் காட்டவே இல்லை. முகத்தில் பெரிய உணர்ச்சி எதுவும் கிடையாது, ஆனால் மடியில் கயிற்றைப் பற்றியிருக்கும் கைகளைப் பார்த்துவிட்டால் போதும். இரண்டு நிறங்களில் எது பெரும்பகுதி, எது சிறுபகுதி என்பதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். சரிபாதி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்து ஓய்ந்துவிடும்.

தூரிகை வீச்சு

வீச்சு உடம்பின் வடிவத்தைப் பின்தொடரலாம்: தொடையில் அதன் நீளத்துக்கு நீண்ட இழுப்பு, தோளில் அதைச் சுற்றி வளைவு. அல்லது வடிவத்தைக் குறுக்கே வெட்டலாம், அப்போது பதற்றம் கூடும். ஒரே அளவு, ஒரே திசை என்று கேன்வாஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் சுவருக்கு வெள்ளை அடித்ததுபோல ஆகிவிடும். கனமான இடத்தில் பெயிண்டைக் கெட்டியாக, பேலட் நைஃபால் அப்பியே வையுங்கள். பின்னணியில் அடிப்பூச்சு தெரியும் அளவுக்கு மெல்லிசாக விடுங்கள். ஒரு தீற்று வைத்துவிட்டால் அதைத் தடவித் தடவிச் சீராக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் முழுதாகச் சுரண்டிவிட்டு மறுபடி வையுங்கள். அமெரிக்க ஓவியர் டி கூனிங் 'பெண் 1' ஓவியத்தில் 1950 முதல் 1952 வரை பலமுறை சுரண்டி மறுபடி மறுபடி வரைந்தார். நம் ஒரு மாலை நேரம் சுரண்டுவதில் போனால் போகட்டும்.

உருவத்தைச் சுற்றிலும் ஒரே மாதிரிக் கோடு ஓடவேண்டாம். எடை இறங்கும் இடத்தில் விளிம்பு அழுத்தமாக, ஒளி படும் தோளில் பின்னணியோடு கரைந்துபோகும்படி இருக்கட்டும்.

கைகள், அப்புறம் முகம்

கைகளுக்கு விரல் விரலாகப் போகாதீர்கள். விரல்கள் சேர்ந்த கையுறை வடிவமாக ஒரே துண்டாக வையுங்கள், கட்டை விரலை மட்டும் பிரியுங்கள். பிறகு ஒன்றிரண்டு விரல் இடைவெளியை இருட்டால் கீறினால் போதும். நகம் வேண்டாம். கோத்த கைகள் கடினமாக இருக்கிறதா? இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சு என்று நினைத்து, அந்த முடிச்சின் வெளிச்சப் பக்கம், இருட்டுப் பக்கம் என்று பாருங்கள். கைகளை ஒளித்துவைக்கும் சபலம் எல்லோருக்கும் வரும், முந்தானைக்குள்ளோ மேசைக்குக் கீழோ. தயவுசெய்து ஒளிக்காதீர்கள். உட்கார்ந்த உருவத்தில் முகத்துக்கு அடுத்தபடி, சில நேரம் முகத்துக்கும் முன்னால், பார்வையாளர் பார்ப்பது கைகளைத்தான்.

இப்போது முகம். முதலில் தலையின் சாய்வு: கண்கள் இரண்டையும் சேர்க்கும் கோடு தோள்களின் கோட்டோடு இணையாக இருக்கிறதா, எதிராகச் சாய்கிறதா? இந்தச் சாய்வு பாதி உணர்ச்சியைத் தந்துவிடும். கண்குழியை ஒரு இருட்டுத் துண்டாக வையுங்கள், மூக்கின் ஒரு பக்க நிழல், கீழுதட்டின் அடி நிழல், கழுத்தில் மோவாய் விழுத்தும் நிழல். கேன்வாஸ் வைத்திருக்கும் தாங்கியிலிருந்து தள்ளிப்போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இதற்குமேல் எதுவும் தேவைப்படாது. அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் 1958-இல் வரைந்த, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் ஓவியத்தில் முகம் சில வீச்சுகளில் முடிந்துவிடுகிறது; குனிந்த தலையும் பின்னால் எரியும் நிறப்பட்டைகளும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. கண்ணில் வெள்ளைப் புள்ளி வைப்பதானால் ஒரு கண்ணில் மட்டும், அதுவும் தூய வெள்ளையாக வேண்டாம். புன்னகை கேட்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிறுத்துவது

எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லோரும் கேட்பது. சில சோதனைகள் இருக்கின்றன. ஓவியத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பழகிப்போன கோணல் பளிச்சென்று தெரியும். தலைகீழாகத் திருப்பி வையுங்கள். நிறத்துண்டுகளின் சமநிலை புரியும். பிறகு ஒரு நாள் சுவர்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மறுநாள் எடுத்து, அந்த வினைச்சொல்லை எழுதிய தாளைப் பக்கத்தில் வையுங்கள். காத்திருக்கிறாளா? ஆம் என்றால் முடிந்தது, மூலையில் கொஞ்சம் காலியாக இருந்தாலும். இல்லை என்றால் முகத்துக்குப் போகாதீர்கள், இடுப்புக்கும் கைகளுக்கும் திரும்புங்கள்.

கையெழுத்தைக் கீழ் மூலையில், ஓவியத்திலேயே உள்ள ஒரு நிறத்தில், சின்னதாகப் போடுங்கள். அக்ரிலிக் என்றால் நன்றாகக் காய ஒரு வாரம் விட்டு வார்னிஷ் பூசலாம். ஆயில் என்றால் மெல்லிய பூச்சுக்கே ஆறு மாதம், கெட்டியாக அப்பியிருந்தால் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை தூசி படாத, காற்று வரும் இடத்தில் சுவரில் மாட்டி வையுங்கள். கண்ணாடிச் சட்டம் வேண்டாம். சார்கோல் தாள்களைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், மற்ற இரண்டு விதமாக இழுத்த போஸ்கள் அதில் இருக்கின்றன, அடுத்த கேன்வாஸுக்கு ஆகும்.